கோடிப்பக்கத்துக் கதவு

மொடெம் என்று சொன்னால் இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வருவது வீட்டுச் சுவரில் தொங்குகிற, ரெண்டு அன்ரெனா முளைத்த வெள்ளைப் பெட்டிதான். வைஃபை வராவிட்டால் அம்மா "அந்த மொடெத்தை ஒருக்கா நிப்பாட்டிப் போடு" என்பாவே, அது. இது அதைப் பற்றியதல்ல. ரெலிபோன் கம்பியை ஒரு பக்கம் செருகி, மறுபக்கத்தை ரவுட்டரின் முதுகில் கொழுவுகிற, ஒரு கொப்பியளவு பெட்டியைப் பற்றியது. தொடுக்கும்போது கீச்சிட்டுக் கத்தும். உங்களில் கனபேர் அந்தச் சத்தத்தை யூரியூபில்தான் கேட்டிருப்பீர்கள். 2014 வரை நானும் அப்படித்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்ப நான் வவுனியாவில் ஒரு நிதி நிறுவனத்துக்கு நெட்வேர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். வன்னியில் அவர்களுக்கு ஏழெட்டுக் கிளைகள். எல்லாக் கிளையிலும் கொழும்பில் கழற்றி அனுப்பிய பழைய சிஸ்கோ 2600 ரவுட்டர்கள். நான் வவுனியாவில் கதிரையை விட்டு எழும்பாமலே எல்லாவற்றுக்குள்ளும் போய்வருவேன். இருபத்து மூன்று வயதில் அது தருகிற மிதப்பு கொஞ்சநஞ்சமில்லை. மன்னாரில் ஒரு கட்டளை, அடுத்த நிமிசம் கிளிநொச்சியில் ஒரு கட்டளை. பஸ் ஏறாமல் ஊர் சுற்றுகிற மாதிரி.

ஒருநாள் காலை தலைமையகத்தில் இருந்து மின்னஞ்சல். கிளைகளுக்குள் வருகிற ஏதோ ஒரு போக்குவரத்தை மறிக்க வேண்டுமாம், இண்டைக்கே. ரவுட்டரில் இதற்கு அக்செஸ் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. கோயில் வாசலில் நிற்பவர் கையிலிருக்கிற பட்டியல் மாதிரி. இவரை விடு, அவரை விடாதே என்று வரிவரியாக எழுதிக் கொடுக்கலாம். அதில் எல்லாருக்கும் முதலாவது வகுப்பிலேயே சொல்லித் தருகிற ஒரு விசயம் உண்டு. பட்டியலின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி எப்பவும் இருக்கும்: மிச்ச எல்லாரையும் மறி. ஆகவே மறிக்க வேண்டியதை எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் விடு என்று நாங்கள்தான் எழுத வேண்டும்.

நான் மறிக்கிற வரியை மட்டும் எழுதினேன்.

அதுவும் நோட்பாட்டில் எழுதி, கடைசி வரியாகச் சேமிக்கிற கட்டளையையும் சேர்த்து, ஒரே மூச்சில் ஒட்டினேன். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிளை. திரை அப்படியே உறைந்தது. நான் எந்த வழியால் உள்ளே போயிருந்தேனோ அந்த வழியையே அடைத்துவிட்டேன் என்று விளங்க ஒரு அரை நிமிசம் எடுத்தது. கிளைக்குப் போன் பண்ணி ரவுட்டரை நிப்பாட்டிப் போடச் சொன்னேன். சேமிக்காமல் விட்டிருந்தால் அதோடு சரியாகியிருக்கும். சேமித்த பிழை, நிப்பாட்டிப் போட்டாலும் அதே பிழையாகத்தான் எழும்பி வரும்.

அன்றைக்கு ஓய்வூதியம் எடுக்கிற நாள்.

என்னுடைய மோட்டார்சைக்கிள் அந்தக் கிழமை கராச்சில். பஸ் எடுத்து மாங்குளத்தில் மாறி, ஒட்டுசுட்டான் கடந்து போய்ச் சேர ஒரு மணி ஆகிவிட்டது. கிளைக்கு முன்னால் வேப்பமரத்தின் கீழும், பூட்டியிருந்த பக்கத்துக் கடைப் படியிலும் வயதுபோனவர்கள் இருந்தார்கள். சிலர் குடையை விரித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்கள், வரிசையில் இடம் போய்விடும் என்று. அடையாள அட்டையும் பாஸ் புத்தகமும் பொலித்தீன் பைக்குள். நான் லப்டொப் பையோடு போனதும் ஒரு அம்மா எழும்பி, "தம்பிதானே லைன் செய்ய வந்தது? வாங்கோ, வாங்கோ" என்று வழிவிட்டா. எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. அது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொன்சோல் கேபிளைக் கொழுவி, ஒரு வரியை அழித்து, சேமித்து, நாலு நிமிசம். முகாமையாளர் "என்ன தம்பி பிரச்சினை?" என்று கேட்டார்.

"லைன் போட்டுது சேர்," என்றேன்.

அவர் வெளியே போய் அதையே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் லைன் கொடுக்கிற கொம்பனியைத் திட்டினார்கள். கிளையில் கூட்டித் துடைக்கிற அக்கா எனக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தா. குடித்தேன்.

எங்களோடு ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒரு அண்ணை இருந்தார். 1990களின் கடைசியில் கொழும்பில் டயல்-அப் இன்ரநெற் கொடுத்த ஒரு இடத்தில் இரவு வேலை பார்த்தவர். அடுத்தநாள் அந்த ரவுட்டரின் பழைய கொன்ஃபிக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"கட்டளையைப் போட முதல் ரீலோட் போட்டனீரோ?"

விளங்கவில்லை என்றேன். பேசவில்லை, சொல்லித் தந்தார். ஆபத்தான மாற்றம் ஒன்றைச் செய்ய முன், இன்னும் பத்து நிமிசத்தில் நீயாகவே நின்று எழும்பு என்று ரவுட்டருக்கு நேரம் குறித்துக் கொடுக்கலாம். பிறகு மாற்றத்தைச் செய். எல்லாம் சரியென்றால் அந்த நேரக்குறிப்பை ரத்துச் செய்துவிட்டுச் சேமி. பிழைத்துப்போய் நீ வெளியில் அகப்பட்டால், பத்து நிமிசத்தில் அது எழும்பிப் பழைய நிலைக்கு வரும். சேமிப்பது எப்பவும் கடைசியில், தனியாக, கையால். நான் வேலை பழகிய ஒரு வருசத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் இந்தத் துறையில் இருந்தால் இந்தக் கட்டுரையில் இருந்து இதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் போதும்.

"அது சரி, ஆனா அது மட்டும் காணாது," என்றார். "வீடெண்டால் கோடிப்பக்கம் ஒரு கதவு வேணும் தம்பி. முன்கதவு இறுகினா வேலி சுத்திப் போய்த் திறக்க."

அடுத்த கிழமை சாரத்தில் சுற்றி ஒரு கடைப்பைக்குள் ரெண்டு மொடெம் கொண்டுவந்தார். யூ.எஸ். ரோபொட்டிக்ஸ் கூரியர். கறுப்பு நிறம், கையில் எடுத்தால் பாரம், முகத்தில் ஒரு வரிசை சின்னச் சிவப்பு லைட். அவர் வேலை செய்த இடத்தில் இப்படி வெளி மொடெம்கள் தட்டுத்தட்டாக இருந்தனவாம். எல்லாம் சிஸ்கோ 2511 என்கிற அக்செஸ் சேர்வரில் கொழுவியிருக்கும். ஒன்றில் பதினாறு மொடெம். எட்டு வால் பிரிகிற ரெண்டு கேபிள் அதன் முதுகில் இருந்து வரும். "எட்டுக்கால் பூச்சி ரெண்டு சண்டை பிடிக்கிற மாதிரி" என்று சிரித்தார். ஒரு வாடிக்கையாளர் வீட்டிலிருந்து அழைத்தால் ஒரு மொடெத்தின் லைட்டுகள் எரியும். விடியச்சாமம் ரெண்டு மணிக்கு எத்தனைபேர் இன்ரநெற்றில் இருக்கிறார்கள் என்று லைட்டை எண்ணியே சொல்லலாமாம்.

எங்களுக்குத் தேவை அவ்வளவு பெரிய சங்கதியில்லை. ரவுட்டர் ஒன்றுக்கு மொடெம் ஒன்று. கொழுவுகிற இடத்தில்தான் முதல் பாடம். 2600இன் முதுகில் ஒரே மாதிரி ரெண்டு துளை இருக்கும், ரெண்டும் ஆர்.ஜே-45. ஒன்று கொன்சோல், மற்றது ஓக்ஸ். நான் பழக்கத்தில் கொன்சோலில் கொழுவப் போனேன். அண்ணை கையைப் பிடித்தார். அதில் கொழுவினாலும் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. கொன்சோல் துளைக்கு மொடெத்தின் கைச்சைகை விளங்காது. நீங்கள் உள்ளே போய், பாஸ்வேட் கொடுத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது லைன் அறுந்தால், ரவுட்டருக்கு அது தெரியாது. கதவு திறந்தபடியே கிடக்கும். அடுத்ததாக யார் அந்த இலக்கத்துக்கு அழைத்தாலும் நேரே உங்கள் இடத்தில் வந்து குந்துவார். ஓக்ஸ் துளையில் அந்தச் சைகைக் கம்பிகள் உண்டு. லைன் அறுந்தால் மொடெம் சொல்லும், ரவுட்டர் கதவைச் சாத்தும்.

அந்தச் சைகை போய்ச்சேர சரியான அடப்டரும் வேண்டும். கேபிளின் ஒரு முனையில் ஆர்.ஜே-45, மொடெத்தின் பக்கம் இருபத்தைந்து ஊசி கொண்ட ஆர்.எஸ்-232 துளை. நடுவில் ஒரு சின்னச் சாம்பல் அடப்டர். சிஸ்கோ பெட்டியோடு வருகிறவற்றில் ஒன்றில் 'ரேர்மினல்' என்றும் மற்றதில் 'மொடெம்' என்றும் அச்சடித்திருக்கும். உள்ளுக்குள் கம்பி மாறி ஓடும். மொடெம் என்று எழுதியதில்தான், மொடெத்தின் எட்டாம் ஊசி, அதாவது மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்று சொல்கிற ஊசி, ரவுட்டர் பார்த்துக்கொண்டிருக்கிற கம்பியோடு சேரும். நான் ரெண்டு மணித்தியாலம் மற்றதைக் கொழுவிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்திருக்கிறேன். அண்ணை பக்கத்திலேயே இருந்து பேப்பர் படித்தார், சொல்லவேயில்லை.

பிறகு ரவுட்டரில் ஓக்ஸ் லைனுக்குச் சில வரிகள். உள்ளேயும் வெளியேயும் மொடெம் வழி அழைப்பை விடு. வேகம் 115,200. ஓட்டக் கட்டுப்பாடு வன்பொருள் வழி. அதற்குப் பிறகு மொடெத்தோடேயே நேரே கதைக்க வேண்டும். இதற்கு ஒரு அழகான சுற்றுவழி இருக்கிறது. ரவுட்டருக்குள் இருந்தபடி ரவுட்டரின் சொந்த முகவரிக்கே ரெல்நெற் பண்ணுவது. 2600இல் ஓக்ஸ் லைனின் இலக்கம் 65. அதோடு 2000த்தைக் கூட்டினால் 2065. அந்தப் போர்ட்டுக்குப் போனால் ரவுட்டர் உங்களை ஓக்ஸ் துளையால் வெளியே தள்ளி மொடெத்தின் வாசலில் விடும். அங்கே 'ஏ.ரி.' என்று அடித்தால், 'ஓகே' என்று பதில் வரும்.

அந்த ஓகேயைப் பார்த்த சந்தோசத்தை எப்படி விளங்கப்படுத்துவது? டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் 1981ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மொடெம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேகம் விநாடிக்கு 300 பிட். அதற்குச் சொல்லப்பட்ட கட்டளைகள் 'அட்டென்சன்' என்பதன் முதல் ரெண்டு எழுத்தோடு தொடங்கும். இங்கே பார், உன்னோடுதான் கதைக்கிறேன் என்று கூப்பிடுவது போல. பிறகு எல்லா மொடெமும் அந்தப் பாசையையே பேசின. இப்ப உங்கள் 4ஜி டொங்கிளுக்குள் இருக்கிறதும் அதே 'ஏ.ரி.' கட்டளைகளை விளங்கிக்கொள்ளும். நான் பிறக்க முன் வந்த பாசை ஒன்று வன்னியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே எனக்கு ஓகே சொன்னது.

சொல்ல வேண்டியவை நாலைந்துதான். 'எஸ் பூச்சியம் சமன் ஒன்று' என்றால் முதல் மணியிலேயே போனை எடு. பூச்சியம் என்று விட்டால் எடுக்காது, மணி அடித்துக்கொண்டே இருக்கும். மறுமுனை இருக்கிறதா இல்லையா என்பதை உண்மையாகக் காட்டு. ரவுட்டர் கையை விட்டால் போனை வை. பிறகு முக்கியமான ஒன்று: வாயை மூடு. அடிப்பதைத் திருப்பிச் சொல்லாதே, முடிவுகளையும் அறிவிக்காதே. இதை நான் முதல்நாள் விட்டுவிட்டேன். ரவுட்டர் 'பெயர் என்ன?' என்று கேட்க, மொடெம் 'பெயர் என்ன?' என்று திருப்பிச் சொல்ல, ரவுட்டர் அதையே பெயரென்று எடுத்துக்கொண்டு பாஸ்வேட் கேட்க, மொடெம் அதையும் திருப்பிச் சொல்ல, ரவுட்டர் பிழையென்று மறுபடி பெயர் கேட்க, ரெண்டும் இரவிரவாகக் கதைத்திருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தால் லைட்டுகள் மின்னி முடியவில்லை. அண்ணை, "கலியாணம் கட்டின மாதிரி இருக்குதுகள்" என்றார்.

வவுனியா மேசையில் எல்லாம் சரி. கிளைக்குக் கொண்டுபோனதும்தான் உண்மையான பிரச்சினை. அங்கே மேசையில் இருந்தது சி.டி.எம்.ஏ போன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கனவீடுகளில் அதுதான், அன்ரெனா வைத்த மேசைப் போன். மொடெத்தைக் கொழுவி வெளியிலிருந்து அழைத்தால் எடுக்கும், கீச்சிடும், மறுமுனையும் கீச்சிடும், அரை நிமிசத்தில் 'நோ கரியர்'. பத்துத் தரம் அழைத்தேன். பிறகுதான் அண்ணையிடம் கேட்டேன். சி.டி.எம்.ஏ போன் மனிதக் குரலை மட்டும் கணக்கில் எடுத்து, மிச்சத்தைக் கழித்துச் சுருக்கி அனுப்புகிறது. அம்மா கதைப்பது அம்மா மாதிரிக் கேட்கும். மொடெத்தின் சத்தம் குரலல்ல. அதன் நுணுக்கமெல்லாம் அந்தச் சுருக்கலில் அடிபட்டுப் போய்விடும். கம்பி வேண்டும், செம்புக் கம்பி.

செம்புக் கம்பி ஒன்று இருந்தது. முகாமையாளரின் ஃபக்ஸ் லைன்.

அவர் தரமாட்டேன் என்றார். நியாயம்தான், தலைமையகம் அப்பவும் ஃபக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே லைனில் ரெண்டையும் போட்டால் யார் முதலில் எடுப்பது என்று ஃபக்ஸுக்கும் மொடெத்துக்கும் போட்டி. கடைசியில் ஒரு உடன்பாடு. மொடெம் லைனில் கொழுவியபடி இருக்கும், ஆனால் கரண்ட் சுவிச் நிப்பாட்டியிருக்கும். எனக்குத் தேவைப்பட்டால் கிளைக்குக் கைப்போனில் அழைப்பேன். யாராவது ஃபக்ஸை நிப்பாட்டி மொடெத்தைப் போட வேண்டும். வேலை முடிந்ததும் மாற்றி வைக்க வேண்டும்.

முதலில் இதை ஒரு தோல்வியாகத்தான் நினைத்தேன். இரவும் பகலும் தயாராக இருக்கிற கதவு என்று கனவு கண்டவன், ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்கிற கதவோடு வந்தேன். அண்ணைக்கு மட்டும் இது நல்லாகப் பிடித்தது. "திறந்து கிடக்கிற கோடிக்கதவால நாயும் வரும் தம்பி." இலக்கங்களை வரிசையாக அழைத்து எது மொடெம் என்று தேடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத மொடெத்தை எவராலும் தேடிப்பிடிக்க முடியாது. இப்ப யோசித்தால் அந்த முகாமையாளரின் பிடிவாதம்தான் எங்கள் பாதுகாப்புக் கொள்கை.

யாராவது என்றேன் அல்லவா. அந்த யாராவது, பிளேன்ரீ தந்த அக்காதான். காலையில் ஏழரைக்குக் கிளையைத் திறப்பது அவவும் காவலாளியும். மற்ற ஆட்கள் எட்டரைக்குப் பிறகு. அவவுக்கு ஆங்கில எழுத்து வராது. மொடெத்தின் லைட்டுக்குக் கீழே எல்லாம் ஆங்கில எழுத்து. நான் பேனையால் இலக்கம் போட யோசித்தேன். அவ, "நில்லுங்கோ தம்பி" என்று போய் மகளின் கியூட்டெக்ஸ் கொண்டுவந்தா. மூன்று லைட்டுக்குக் கீழே சிவப்புப் பொட்டு. ஒரு பொட்டு ஏ.ஏ., போனை எடுக்கத் தயார். ரெண்டு பொட்டு ரி.ஆர்., ரவுட்டர் மறுபக்கம் விழிப்பாக இருக்கிறது. மூன்று பொட்டு சி.டி., நான் உள்ளே வந்துவிட்டேன். மூன்று பொட்டு எரிந்து அணைந்தால் சுவிச்சை நிப்பாட்டலாம்.

ஒரு மாதம் கழித்து ஒத்திகை பார்க்க அழைத்தேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. கைப்போனில் அவவைக் கேட்டேன். "ரெண்டு பொட்டு எரியுது. ஒரு பொட்டு எரியேல்லைத் தம்பி." அவ்வளவு போதும் எனக்கு. ரவுட்டர் சரி, கேபிள் சரி, மொடெம் போனை எடுக்க மறந்திருக்கிறது. மொடெத்துக்கும் சேமிக்கிற கட்டளை தனியாக உண்டு. நான் அதைப் போடவில்லை. சுவிச்சை நிப்பாட்டிப் போட எல்லாம் மறந்து, ஆலையில் இருந்து வந்த மாதிரி எழும்பியிருக்கிறது. முதல் தரம், சேமிக்கக் கூடாததைச் சேமித்து மாட்டினேன். இந்தத் தரம் சேமிக்க வேண்டியதைச் சேமிக்காமல் மாட்டினேன். இந்தத் தரம் பஸ் ஏறத் தேவையிருக்கவில்லை. முன்கதவு திறந்துதான் இருந்தது, அதால் போய் 2065 வழியாகச் சரிசெய்தேன்.

உண்மையாகத் தேவைப்பட்டது அடுத்த வருசம். ஒரு சனி ஞாயிறில் தலைமையகத்தில் முகவரிகளை மாற்றினார்கள். எங்கள் கிளைக்கு மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். திங்கள் காலை ஏழு ஐம்பதுக்குப் பார்த்தால் கிளை இல்லை. அதுவும் ஓய்வூதியம் எடுக்கிற நாள். அக்காவுக்கு அழைத்தேன். "போட்டிட்டன். ஒரு பொட்டு, ரெண்டு பொட்டு எரியுது. வாங்கோ." மேசையில் இருந்த மற்ற கூரியரில் இலக்கத்தை அடித்தேன். கீச்சல். பெட்டியில் 56கே என்று எழுதியிருக்கும். ஆனால் ரெண்டு பக்கமும் சாதாரண ரெலிபோன் கம்பியென்றால் 33.6க்கு மேல் போகாது. எங்களுக்கு அன்று கிடைத்தது 26,400. வெறும் எழுத்து அடிக்க அது தாராளம். போனில் அக்கா "மூண்டு பொட்டு" என்றா.

இந்தத் தரம் ரீலோட் போட்டேன். மாற்றினேன். கிளை எழும்பி வந்தது. ரத்துச் செய்தேன். சேமித்தேன், கையால், தனியாக. எட்டு இருபது. கதவு ஒன்பதுக்குத்தான் திறக்கும். "சனம் வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டேன். "ஒரு பத்துப்பேர் நிக்கினம். ஏன்?" ஒன்றுமில்லை என்றேன்.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி ஃபேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் எல்லாம் ஆறு மணித்தியாலமளவில் காணாமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பராமரிப்பு வேலையின்போது போட்ட ஒரு கட்டளை அவர்களின் முதுகெலும்பு இணைப்புகளையே விழுத்தியது. முன்கதவும் வேலை செய்யவில்லை, அவர்களிடம் இருந்த மாற்றுவழியும் வேலை செய்யவில்லை. ஆட்களைக் கட்டடங்களுக்கு நேரில் அனுப்பினார்கள். அவ்வளவு காசுள்ள கொம்பனியும் கடைசியில் பஸ் ஏறியது என்று எனக்குள் சிரித்தேன். அடுத்த வருசம் யூலை 8ஆம் திகதி கனடாவில் ரோஜர்ஸ் விழுந்தது. கைப்போனும் இன்ரநெற்றுமாக ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், பலருக்கு அவசர அழைப்புக்கூட இல்லை. அதற்குச் சிரிக்க முடியவில்லை. அங்கே நடந்தது ஒரு அக்செஸ் லிஸ்ட் வடிகட்டியை நீக்கியது. திருத்தப்போனால், திருத்துகிற வழியும் அதே விழுந்த நெட்வேர்க்கின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. நான் பட்டியலை அரைகுறையாகப் போட்டேன், அவர்கள் எடுத்தார்கள். வெளியில் நின்று அந்தரிக்கிறது ஒரே அந்தரிப்புத்தான்.

ஆகவே மொடெம் பழசு, மொடெம் ஆபத்து என்று ஆரும் சொல்லும்போது நான் முழுக்க ஒத்துக்கொள்வதில்லை. கேள்வி மொடெமா 4ஜியா என்பதல்ல. ரெண்டாவது வழி முதலாவது வழியோடு சேர்ந்து சாகுமா சாகாதா என்பதுதான். அதே கொம்பனியின் அதே கோபுரத்தில் தொங்குகிற 4ஜி சிம் ஒன்றை மாற்றுவழி என்று வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

2019ல் கணக்காய்வுக்காரர் வந்து மொடெத்தைக் கழற்றச் சொல்லி எழுதினார்கள். கிளைக்குப் புது ரவுட்டர் வந்தது, வேறு கொம்பனி சிம்மோடு 4ஜியும் வந்தது. கழற்ற நான்தான் போனேன். அண்ணை அதற்குள் கனடா போய்விட்டார். முகாமையாளரும் புது ஆள். பொய்யைச் சொல்ல அந்தப் பழைய முகாமையாளர் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. அக்கா இருந்தா. கேபிளைச் சுற்றிக்கொண்டே, அண்டைக்கு லைன் போகேல்லை அக்கா, நான்தான் பிழையாகப் போட்டு அடைத்தனான் என்று சொன்னேன்.

அவ கொஞ்ச நேரம் யோசித்தா. எந்தநாள் என்று அவவுக்குப் பிடிபட வேண்டுமே. பிறகு, "ஓ, அந்த வெயில் நாள்," என்றா. "ஒரு ஐயா மயங்கினவர். நீங்கள் வரமுதல். தண்ணி தெளிச்சு இருத்தினனாங்கள்."

எனக்கு அது தெரியாது. ஐந்து வருசம் தெரியாது.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, எழும்பிக் காசெடுத்துக்கொண்டு போனவர்." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

மொடெத்தைச் சாரத்தில் சுற்றவில்லை, என்னிடம் இருந்த துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மூன்று பொட்டும் அப்படியே இருந்தன. புது முகாமையாளரிடம், சேர், உங்கள் ஃபக்ஸ் லைன் இனி முழுக்க உங்களுக்குத்தான் என்று சொன்னேன். எந்த ஃபக்ஸ் என்று கேட்டார்.